கிளேர் கேமரன் பாட்டர்சன்

கிளேர் கேமரன் பாட்டர்சன் (ஜூன் 2, 1922 – டிசம்பர் 5, 1995) அமெரிக்கப் புவிவேதியியல் அறிஞர் ஆவார். விண்கற்களில் உள்ள ஈயத்தின் ஓரிடத்தான்களை அளந்து, புவியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என 1956 ஆம் ஆண்டில் நிறுவினார். அந்த அளவீட்டின்போது தம் ஆய்வகத்தில் எங்கும் ஈயம் கலந்திருப்பதைக் கண்டறிந்தார். அதன் பின்னர் காற்று, கடல், பனி, உணவு, மனித எலும்பு ஆகியவற்றில் ஈயத்தின் அளவை முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆராய்ந்தார். பெட்ரோல், உணவுக் குவளைகள், வண்ணப்பூச்சு, நீர்க் குழாய்கள் ஆகியவற்றிலிருந்து ஈயத்தை நீக்க வேண்டும் என்று வாதிட்ட முதன்மையான அறிவியலாளர்களுள் இவரும் ஒருவர். கன உலோக மாசு பற்றிய இன்றைய அளவீட்டு முறைகளுக்கு இவரது தூய ஆய்வகம் ஒரு தொடக்கமாகக் கருதப்படுகின்றது.

இளமையும் கல்வியும்

பாட்டர்சன் ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மிட்செல்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அஞ்சல் துறைப் பணியாளர். தாய் உள்ளூர்ப் பள்ளி நிர்வாகக் குழுவில் பங்காற்றியவர். சிறுவயதில் தாய் வாங்கிக் கொடுத்த வேதியியல் சோதனைப் பெட்டியே இவரை அறிவியலின் பக்கம் ஈர்த்தது. அயோவாவிலுள்ள கிரின்னல் கல்லூரியில் வேதியியல் பயின்று 1943 இல் பட்டம் பெற்றார். உடன் பயின்ற லோர்னா மெக்கிளியரியை மணந்தார். இவர்களுக்கு நான்கு பிள்ளைகள். 1944 இல் அயோவா பல்கலைக்கழகத்தில் மூலக்கூற்று நிறமாலையியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது கணவன் மனைவி இருவரும் அணுகுண்டு ஆக்கத்திற்கான மன்காட்டன் திட்டத்தில் பணியாற்றினர். முதலில் சிக்காகோ பல்கலைக்கழகத்திலும், பின்னர் டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்சிலும் இவர்கள் பணி அமைந்தது. யுரேனியம்-235 ஓரிடத்தானைப் பிரித்து அளக்கும் அப்பணியில்தான் பாட்டர்சன் பொருண்மை நிறமாலைமானியைக் கையாளக் கற்றார். அணுக்களை அவற்றின் நிறைக்கேற்பப் பிரித்து எண்ணும் கருவி இது. அணுகுண்டுப் பணியில் தமக்கிருந்த பங்கை எண்ணிப் பிற்காலத்தில் இவர் பெரிதும் வருந்தினார். ஆனால் அங்கு கற்ற கருவியே இவரது வாழ்நாள் ஆய்வுக்கு அடித்தளம் ஆயிற்று.

போர் முடிந்தபின் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்தார். ஹாரிசன் பிரவுன் இவரது வழிகாட்டியாக இருந்தார். 1951 இல் முனைவர் பட்டம் பெற்றார்.

ஈயத்தைக் கொண்டு காலத்தை அறிதல்

யுரேனியம் கதிரியக்கத் தனிமம். அது நிலையான கால அளவில் சிதைந்து இறுதியில் ஈயமாக மாறுகின்றது. யுரேனியம்-238 இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 447 கோடி ஆண்டுகள். அது ஈயம்-206 ஆக மாறும். யுரேனியம்-235 இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 70 கோடி ஆண்டுகள். அது ஈயம்-207 ஆக மாறும். ஈயம்-204 எந்தக் கதிரியக்கச் சிதைவாலும் உண்டாவதில்லை. எனவே அதன் அளவு தொடக்கத்தில் இருந்தவாறே இருக்கும். ஒரு பாறையில் இம்மூன்று ஈய ஓரிடத்தான்களின் விகிதத்தை அறிந்தால் அப்பாறையின் வயதைக் கணக்கிடலாம்.

சிர்க்கான் என்னும் கனிமத்தின் மிகச் சிறிய படிகங்களில் இம்முறையைச் செயற்படுத்துமாறு பிரவுன் தம் மாணவர்களைப் பணித்தார். யுரேனியத்தை அளக்கும் பொறுப்பு ஜார்ஜ் டில்ட்டன் என்பவருக்கும், ஈயத்தை அளக்கும் பொறுப்பு பாட்டர்சனுக்கும் வழங்கப்பட்டது. வயது முன்னரே அறியப்பட்ட பாறைகளைக் கொண்டு முறையைச் சரிபார்த்தனர். டில்ட்டனின் யுரேனிய அளவீடுகள் எதிர்பார்த்தபடி அமைந்தன. பாட்டர்சனின் ஈய அளவீடுகளோ எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு மிகுதியாக வந்தன. ஒவ்வொரு முறையும் வேறுவேறாகவும் வந்தன.

பிழை கணக்கிலோ கருவியிலோ இல்லை. மேசைத் தூசு, குழாய் நீர், கண்ணாடிக் குடுவை, வேதிப்பொருள்கள், ஆய்வாளரின் தோல், முடி, ஆடை ஆகிய எல்லாவற்றிலும் ஈயம் இருந்தது. படிகத்திலுள்ள ஈயத்தைவிட வெளியிலிருந்து கலந்த ஈயமே மிகுதியாக இருந்தது.

தூய ஆய்வகம்

பாட்டர்சன் ஒவ்வொரு மாசு மூலத்தையும் தேடிப் பிடித்து நீக்கத் தொடங்கினார். குடுவைகளை அமிலத்தில் மீண்டும் மீண்டும் கழுவினார். நீரையும் அமிலங்களையும் தாமே காய்ச்சி வடித்தார். எந்தப் பாறையும் இடாமல் வெறும் வேதிப்பொருள்களைக் கொண்டு ஒரு சோதனை முழுவதையும் நடத்தி, அதில் கிடைக்கும் ஈயமே தம் பிழையின் அளவு எனக் கொண்டார். அந்த அளவை ஆண்டுதோறும் குறைத்து வந்தார்.

1952 இல் பிரவுனுடன் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்திற்கு இடம்பெயர்ந்தார். அங்கு தமக்கெனப் புதிய ஆய்வகம் ஒன்றை அமைத்துக்கொள்ளும் வாய்ப்புக் கிட்டியது. வடிகட்டப்பட்ட காற்று அறைக்குள் செலுத்தப்பட்டது. உள்ளே காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக வைக்கப்பட்டதால் வெளித்தூசு உள்ளே நுழைய இயலவில்லை. பணிபுரிவோர் நெகிழி மேலுடையும் தலையுறையும் அணிந்தனர். தரையும் சுவரும் இடைவிடாது துடைக்கப்பட்டன. மின்னணுவியல் தொழிலகங்களில் இத்தகைய தூய அறைகள் பரவலாவதற்கு முன்னரே பாட்டர்சன் புவிவேதியியலுக்காக இதைக் கட்டியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

புவியின் வயது

புவியின் மேலோடு தொடர்ந்து உருகியும் மடிந்தும் மாறிவருவதால் புவி தோன்றியபோது இருந்த பாறை எதுவும் இன்று கிடைப்பதில்லை. விண்கற்களோ கதிரவன் குடும்பம் உருவான காலத்தின் எச்சங்கள். எனவே அவற்றின் வயதே புவியின் வயதாகவும் இருக்கும் என்பது கருதுகோள்.

அரிசோனா மாநிலத்தில் பாரிங்கர் பள்ளத்தை உண்டாக்கிய கேனியன் டயாப்லோ என்னும் இரும்பு விண்கல்லைப் பாட்டர்சன் எடுத்துக்கொண்டார். அதிலுள்ள ட்ரொய்லைட் என்னும் இரும்புக் கந்தகக் கனிமத்தில் ஈயம் உண்டு. ஆனால் யுரேனியம் ஏறத்தாழ இல்லை. ஆகவே அதிலுள்ள ஈயம் தொடக்க காலத்தில் இருந்தபடியே இருந்தது. 1953 இல் சிக்காகோவிற்கு அருகிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வகத்தின் பொருண்மை நிறமாலைமானியில் அதை அளந்து முடிவைக் கண்டார். பின்னர் கல் விண்கற்களின் அளவீடுகளையும் சேர்த்தார். அவற்றின் ஓரிடத்தான் விகிதங்களை வரைபடத்தில் குறித்தபோது எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தன. கடலடிப் படிவிலிருந்து பெறப்பட்ட புவியின் ஈயமும் அதே கோட்டில் விழுந்தது. புவியும் விண்கற்களும் ஒரே மூலத்திலிருந்து ஒரே காலத்தில் தோன்றியவை என்பதற்கு இது சான்றாயிற்று.

1956 இல் வெளியிட்ட கட்டுரையில் புவியின் வயதை 455 கோடி ஆண்டுகள் எனவும், பிழை வரம்பை 7 கோடி ஆண்டுகள் எனவும் குறிப்பிட்டார். இன்று ஏற்கப்பட்டுள்ள மதிப்பு சுமார் 454 கோடி ஆண்டுகள் ஆகும். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இவரது மதிப்பு அதன் பிழை வரம்பிற்குள்ளேயே நிலைத்துள்ளது.

கடல்நீரில் ஈயம்

புவியின் வயதை அறிந்தபின் பாட்டர்சன் புவியில் ஈயத்தின் இயக்கத்தை ஆராயத் தொடங்கினார். இவ்வாய்வின் ஒரு பகுதிக்கு அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் என்னும் தொழில் அமைப்பு நிதி வழங்கியது. கடலடிப் படிவுகளைப் பற்றிய அறிவு எண்ணெய் தேடலுக்கு உதவும் என்பது அதற்குக் காரணம்.

டி. ஜே. சௌ, மிட்சுனோபு தட்சுமோட்டோ ஆகியோருடன் இணைந்து கடல்நீரின் மேற்பகுதியிலும் ஆழத்திலும் ஈயத்தை அளந்தார். ஆழ்கடல் நீர் பல நூறு ஆண்டுகளாகக் காற்றைக் காணாதது. மேற்பரப்பு நீரோ அண்மையில் மழையையும் தூசையும் பெற்றது. ஈயம் இயற்கையான வழிகளில் மட்டுமே கடலை அடைந்திருந்தால் மேற்பரப்பில் அது இவ்வளவு மிகுந்திருக்கக் காரணமில்லை. ஆனால் மேற்பரப்பில் ஈயம் ஆழத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. அண்மைக் காலத்தில் பெருமளவு ஈயம் காற்றின் வழியே கடலில் விழுந்துள்ளது என்பதே இதன் பொருள். அந்த அளவுக்கு ஈயத்தைக் காற்றில் கலக்கும் மூலம் எது என்று தேடியபோது, பெட்ரோலில் சேர்க்கப்பட்ட டெட்ரா எத்தில் ஈயம் முதன்மையானதாகத் தென்பட்டது. இம்முடிவுகள் 1963 இல் வெளியாயின.

பெட்ரோலில் ஈயம்: பின்னணி

உள்ளெரி பொறியில் எரிபொருள் உரிய நேரத்திற்கு முன் வெடித்தெரிவதால் இடியோசை எழும். பொறியின் திறனும் குறையும். 1921 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவன ஆய்வாளர் தாமஸ் மிட்ஜ்லி, சிறிதளவு டெட்ரா எத்தில் ஈயத்தைச் சேர்த்தால் இக்குறை நீங்கும் எனக் கண்டார். 1923 இல் அது விற்பனைக்கு வந்தது. ஈயம் என்னும் சொல்லைத் தவிர்த்து எத்தில் என்ற வணிகப் பெயர் சூட்டப்பட்டது.

1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேவே ஆலையில் இச்சேர்மத்தைத் தயாரித்த தொழிலாளர்களுள் ஐவர் மனநிலை குலைந்து இறந்தனர். பலர் நோயுற்றனர். 1925 இல் அமெரிக்கப் பொதுநலத் துறை கூட்டிய மாநாட்டில் தொழில்சார் நச்சியல் அறிஞர் ஆலிஸ் ஹாமில்டன் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவித்தனர். எனினும் குறுகிய கால ஆய்வு ஒன்றின் பின் 1926 இல் விற்பனை தொடர அனுமதிக்கப்பட்டது.

அதன் பின்னர் நாற்பது ஆண்டுகள் இத்துறையில் முதன்மைக் குரலாக விளங்கியவர் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் கெட்டரிங் ஆய்வகத்தைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் கெஹோ. ஈயத் தொழில் நிறுவனங்கள் அவ்வாய்வகத்திற்கு நிதி வழங்கின. ஈயம் எல்லா மனிதரின் உடலிலும் உள்ளது. எனவே அது இயற்கையானது. குருதியில் பத்து இலட்சம் பங்கிற்கு 0.8 பங்கு என்னும் வரம்பிற்குக் கீழ் தீங்கில்லை என்பது கெஹோவின் நிலைப்பாடு. மாசற்றவர் எனக் கருதி அவர் ஆராய்ந்த மெக்சிகோ சிற்றூர் மக்களின் உடலிலும் ஈயம் காணப்பட்டது. ஆனால் அவர்கள் உணவுக்குப் பயன்படுத்திய மெருகிட்ட மண்பாண்டங்களில் ஈயம் இருந்தது.

1965 ஆம் ஆண்டுக் கட்டுரை

பாட்டர்சன் 1965 இல் சுற்றுச்சூழல் நலவியல் இதழ் ஒன்றில் மாசுற்ற ஈயச் சூழலையும் இயற்கை ஈயச் சூழலையும் ஒப்பிட்டு நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதன் மையக் கருத்து எளிமையானது. ஒரு காலத்தில் எல்லாரிடமும் காணப்படும் அளவு வழக்கமான அளவு ஆகும். அதை இயற்கையான அளவு எனக் கொள்ளக் கூடாது. எல்லாரும் மாசுற்றிருக்கும்போது ஒருவரை மற்றொருவருடன் ஒப்பிடுவதால் மாசு வெளிப்படாது.

பாறை, மண், நீர், உணவு ஆகியவற்றின் வழியாக மனித உடலுக்கு இயல்பாக எவ்வளவு ஈயம் வந்திருக்கும் எனக் கணக்கிட்டார். அக்கால அமெரிக்கர் உடலில் அதைப்போல் ஏறத்தாழ 100 மடங்கு ஈயம் இருந்தது எனக் கண்டார். வெளிப்படையான நோயறிகுறி தோன்றாவிட்டாலும் இத்தகைய அளவில் மக்கள் தொகை முழுவதும் மெல்ல நஞ்சூட்டப்படுகின்றது என எச்சரித்தார்.

கெஹோ இக்கட்டுரையின் மதிப்பீட்டாளர்களுள் ஒருவராக இருந்தார். கட்டுரையின் கருத்துகளை அவர் ஏற்கவில்லை. ஆயினும் அவை வெளிப்படையாக விவாதிக்கப்பட வேண்டும் எனக் கருதி வெளியிட இசைந்தார். பாறைகளை ஆராயும் ஒருவர் மருத்துவம் பேசுவதா என்னும் கண்டனம் பல முனைகளிலிருந்தும் எழுந்தது. பெட்ரோலிய அமைப்பின் நிதி நின்றது. பொதுநலத் துறையுடனான நெடுநாளைய ஒப்பந்தமும் புதுப்பிக்கப்படவில்லை. தம்மைப் பணியிலிருந்து நீக்குமாறு கழகத்திற்கு அழுத்தம் தரப்பட்டதாகப் பாட்டர்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கழகம் அவரை நீக்கவில்லை.

1966 ஜூனில் காற்று, நீர் மாசு குறித்து செனட்டர் எட்மண்ட் மஸ்கி தலைமையில் நடந்த விசாரணையில் கெஹோ, பாட்டர்சன் இருவரும் சாட்சியம் அளித்தனர். தொழில் நிறுவனங்கள் தரும் தரவுகளையே நம்பிப் பொதுநலத் துறை முடிவெடுப்பது தவறு எனப் பாட்டர்சன் அங்கு வாதிட்டார்.

பனியில் பதிந்த வரலாறு

இயற்கையான அளவு எது என்பதை நிறுவ, மாசு தொடங்குவதற்கு முந்தைய காலத்தின் மாதிரிகள் தேவைப்பட்டன. துருவப் பகுதிகளில் ஆண்டுதோறும் விழும் பனி அடுக்கடுக்காகப் படிந்து பனிக்கட்டியாகின்றது. ஒவ்வொரு அடுக்கும் அவ்வாண்டின் காற்றைப் பற்றிய பதிவாகும்.

பாட்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் கிரீன்லாந்தின் கேம்ப் செஞ்சுரி என்னும் படைத்துறை நிலையத்திலும், அண்டார்க்டிக்காவிலும் பனியைத் தோண்டினர். அமிலத்தில் கழுவிய கருவிகளையும் நெகிழி ஆடைகளையும் பயன்படுத்திப் பெரும் பனிப்பாளங்களை வெட்டி எடுத்தனர். ஈயத்தின் அளவு மிகக் குறைவாக இருந்ததால் ஒவ்வொரு மாதிரிக்கும் மிகுதியான பனி தேவைப்பட்டது.

முரோசுமி, சௌ ஆகியோருடன் 1969 இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கி.மு. 800 அளவில் கிரீன்லாந்துப் பனியில் கிலோவிற்கு 0.001 மைக்ரோகிராமிற்கும் குறைவாக இருந்த ஈயம், 1960களின் நடுவில் 0.2 மைக்ரோகிராமைக் கடந்திருந்தது. ஏறத்தாழ 200 மடங்கு உயர்வு இது. 1940க்குப் பின் உயர்வு மிகவும் செங்குத்தாக இருந்தது. தொழிற்சாலைகளிலிருந்து வெகுதொலைவில் உள்ள அண்டார்க்டிக்காவிலும், குறைந்த அளவிலேனும், 1940க்குப் பின் ஈயம் கூடியிருந்தது.

1994 இல் பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, கிரேக்க, உரோமப் பேரரசுக் காலங்களில் வெள்ளிக்காகவும் ஈயத்திற்காகவும் தாது உருக்கப்பட்டதன் சுவடு கிரீன்லாந்துப் பனியில் உள்ளதைக் காட்டியது. ஈய மாசு இருபதாம் நூற்றாண்டில் பெருகியது. தோன்றியது அதற்கு வெகு முன்னரே.

உயிரினங்களில் ஈயத்தின் நச்சு விளைவுகள்

ஈயம் எந்த உயிரினத்திற்கும் தேவைப்படும் தனிமமாக அறியப்படவில்லை. உடல் அதைக் கால்சியம் எனத் தவறாக ஏற்பதே அதன் தீங்கிற்கு முதன்மைக் காரணம். உடலுள் புகும் ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் சேர்ந்து பல பத்தாண்டுகள் தங்குகின்றது. கருவுற்ற காலத்திலும் முதுமையிலும் எலும்பு கரையும்போது அது மீண்டும் குருதிக்குத் திரும்பும். தாயிடமிருந்து கருவையும் அடையும்.

* குருதி: சிவப்பணுக்களில் ஹீம் உருவாவதற்கான நொதிகளை ஈயம் தடுக்கின்றது. இதனால் குருதிச்சோகை உண்டாகும்.
* நரம்பு மண்டலம்: நரம்பணுக்களிடையே செய்தி கடத்தப்படுவதில் கால்சியத்தின் பணியை ஈயம் குலைக்கின்றது. வளரும் மூளை இதனால் மிகவும் பாதிக்கப்படும். உண்ணும் ஈயத்தில் பெரியவர் உடல் சுமார் பத்தில் ஒரு பங்கை ஈர்க்கும். குழந்தையின் உடல் ஏறத்தாழப் பாதி வரை ஈர்க்கக்கூடும்.
* சிறுநீரகமும் இதயமும்: நெடுநாள் வெளிப்பாடு சிறுநீரகச் சிதைவையும் உயர் குருதி அழுத்தத்தையும் தோற்றுவிக்கும்.
* பறவைகள்: நீர்ப்பறவைகள் வேட்டைக் குண்டின் ஈயத் துணுக்குகளைச் சிறுகல் என எண்ணி விழுங்கும். அரைவைப்பையில் அவை தேய்ந்து கரைய, பறவை வலுவிழந்து இறக்கும். சுடப்பட்ட விலங்குகளின் உடலை உண்ணும் கலிபோர்னியக் கோண்டார் கழுகுகளும் இவ்வாறே மடிந்தன.
* தாவரங்கள்: வேர் வளர்ச்சி குன்றும், பச்சையம் உருவாவது தடைப்படும்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டித் தேசியப் பூங்காவிலுள்ள தாம்சன் பள்ளத்தாக்கில் பாட்டர்சன் குழுவினர் உணவுச் சங்கிலி ஒன்றை முழுமையாக ஆராய்ந்தனர். பாறையிலிருந்து செடிக்கும், செடியிலிருந்து தாவர உண்ணிக்கும், அதிலிருந்து ஊனுண்ணிக்கும் செல்லச் செல்லக் கால்சியத்துடன் ஒப்பிடும்போது ஈயத்தின் பங்கு குறைந்துகொண்டே வர வேண்டும். இது உயிரினங்கள் தம்மை இயல்பாகத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் முறையாகும். மீத்தைல் பாதரசம் உணவுச் சங்கிலியில் மேலே செல்லச் செல்லக் கூடுவதற்கு இது நேர் மாறானது. ஆனால் காற்றிலிருந்து இலைகளின் மீதும் விலங்குகளின் உரோமத்தின் மீதும் படிந்த ஈயம் ஒவ்வொரு படியிலும் புதிதாக நுழைந்து இந்த இயற்கைக் காப்பைப் பயனற்றதாக்கியது. மனிதர் நடமாட்டம் குறைந்த மலைப்பள்ளத்தாக்கிலும் நிலை இதுவே என 1982 இல் வெளியான இவ்வாய்வு காட்டியது.

எலும்பும் மீனும்

1979 இல் பாட்டர்சனும் உடன் ஆய்வாளர்களும் பெருவில் சுமார் 1,600 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் எலும்புகளை ஆராய்ந்தனர். தற்கால அமெரிக்கரின் எலும்புகளில் அவற்றைப்போல் பல நூறு மடங்கு ஈயம் இருந்தது. 1965 இல் கணக்கீட்டால் கூறிய 100 மடங்கு என்பது குறைவான மதிப்பீடு என்பது இதனால் தெளிவாயிற்று.

1980 இல் டோரதி செட்டில் என்பவருடன் சூரை மீனைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். அப்போது உணவுக் குவளைகளின் மூட்டுகள் ஈயப் பற்றாசால் இணைக்கப்பட்டன. புதிய மீனில் கிராமிற்கு 400 நானோகிராமும், குவளையில் அடைத்த மீனில் 700 நானோகிராமும் ஈயம் உள்ளதாகப் பிற ஆய்வகத்தின் அளவீடு கூறியது. அதன்படி அடைப்பதால் ஈயம் இரு மடங்கு கூட ஆவதில்லை. பாட்டர்சனின் தூய ஆய்வகம் புதிய மீனில் 0.3 நானோகிராமும், அடைத்த மீனில் 1,400 நானோகிராமும் இருப்பதாகக் கண்டது. உண்மையான உயர்வு 4,000 மடங்குக்கு மேல். ஆய்வகத்தின் மாசே அளவீட்டில் கலந்து, மெய்யான மாசை மறைத்துவிடும் என்பதற்கு இது சிறந்த எடுத்துக்காட்டாகும். பின்னர் அமெரிக்க உணவுத் தொழில் ஈயப் பற்றாசைப் படிப்படியாகக் கைவிட்டது.

ஈய நீக்கம்

1971 இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம் காற்றிலுள்ள ஈயம் பற்றி ஆராய ஒரு குழுவை அமைத்தபோது, அத்துறையில் முன்னணி அளவீட்டாளராக விளங்கிய பாட்டர்சன் அதில் சேர்க்கப்படவில்லை. 1978 இல் அமைந்த அடுத்த குழுவில் இடம்பெற்றார். குழுவின் பெரும்பான்மையோர் மேலும் ஆய்வு தேவை என்றனர். பாட்டர்சன் அதனுடன் உடன்படாமல் தனி அறிக்கை எழுதினார். ஈயத்தை மனிதச் சூழலிலிருந்து உடனே நீக்க வேண்டும் என்றும், அதற்குத் தேவையான சான்று முன்னரே உள்ளது என்றும் அதில் கூறினார். அவ்வறிக்கை 1980 இல் பெரும்பான்மை அறிக்கையுடன் இணைத்து வெளியிடப்பட்டது.

ஈயம் நீக்கப்பட்டது ஒருவரின் உழைப்பால் மட்டும் அன்று. 1970 இல் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் வலுப்படுத்தப்பட்டது. புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றிகள் 1975 முதல் மகிழுந்துகளில் பொருத்தப்பட்டன. ஈயம் அவற்றைக் கெடுத்ததால் ஈயமற்ற பெட்ரோல் கட்டாயமாயிற்று. 1979 இல் மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், பற்களில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் குறைந்திருப்பதைக் காட்டினார். இவ்வாறு பல துறைகளின் சான்றுகள் ஒன்றுசேர்ந்தன. 1986 இல் பெட்ரோலில் அனுமதிக்கப்பட்ட ஈயம் கேலனுக்கு 0.1 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1996 முதல் சாலை ஊர்திகளுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. பாட்டர்சன் அதற்குச் சில வாரங்களுக்கு முன் காலமானார்.

பலன் விரைவில் தெரிந்தது. 1970களின் பிற்பகுதிக்கும் 1990களின் தொடக்கத்திற்கும் இடையில் அமெரிக்கரின் சராசரிக் குருதி ஈயம் டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமிலிருந்து 2.8 மைக்ரோகிராமாக, அதாவது ஏறத்தாழ 78 விழுக்காடு குறைந்தது.

இந்தியாவில் 1995 ஏப்ரலில் தில்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் வினையூக்கி மாற்றி பொருத்திய மகிழுந்துகளுக்கென ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமானது. 2000 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. இலங்கையில் 2002 இல் நிறுத்தப்பட்டது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021 இல் அதன் விற்பனையை நிறுத்தியது.

இயல்பும் இறுதிக் காலமும்

பாட்டர்சன் பதவியிலும் விருதுகளிலும் நாட்டம் அற்றவர். நெடுங்காலம் ஆய்வாளர் என்னும் நிலையிலேயே பணியாற்றினார். 1989 இல்தான் பேராசிரியர் ஆனார். 1992 இல் ஓய்வு பெற்றார். தம் ஆய்வகத்தில் தூய்மை விதிகளைத் தளர்த்த ஒருபோதும் இசையவில்லை. பிற ஆய்வகங்களின் ஈய அளவீடுகள் பெரும்பாலும் பயனற்றவை என வெளிப்படையாகவே கூறியதால் பலரின் மனத்தாங்கலுக்கு ஆளானார். அதே வேளையில், தம் முறையைக் கற்க விரும்பி வந்த பிற நாட்டு ஆய்வாளர்களுக்கு அதைப் பொறுமையுடன் கற்றுக்கொடுத்தார். அவர்கள் வழியாகவே நுண்ணளவு உலோகங்களை அளக்கும் தூய முறை உலகெங்கும் பரவியது. அமெரிக்க எழுத்தாளர் சால் பெல்லோவின் 1982 ஆம் ஆண்டுப் புதினம் ஒன்றில் வரும் புவிவேதியியலாளர் பாத்திரம் இவரை அடியொற்றியது எனக் கருதப்படுகின்றது.

1995 டிசம்பர் 5 இல் கலிபோர்னியாவின் சீ ரேஞ்ச் என்னும் கடலோர ஊரில் தம் இல்லத்தில் காலமானார்.

சிறப்புகள்

* கோல்ட்ஷ்மிட் பதக்கம் (1980)
* அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர் (1987)
* சுற்றுச்சூழல் ஆய்வுக்கான டைலர் பரிசு (1995)
* 2511 பாட்டர்சன் என்னும் சிறுகோளும், அண்டார்க்டிக்காவின் மலைமுடி ஒன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.

தாக்கம்

பெட்ரோலிலிருந்து நீங்கிய பின்னும் ஈயம் வேறு வழிகளில் மனிதரை அடைகின்றது. பழைய மின்கலங்களை முறையின்றி உருக்குதல், வண்ணப்பூச்சு, மெருகிட்ட பாண்டங்கள், கலப்படம் செய்த மசாலாத் தூள் ஆகியவை அவற்றுள் சில. வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயம் பத்து இலட்சம் பங்கிற்கு 90 பங்கைத் தாண்டக் கூடாது என்னும் இந்திய விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. யுனிசெஃப் 2020 இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகக் குழந்தைகளில் மூவரில் ஒருவரின், அதாவது சுமார் 80 கோடிக் குழந்தைகளின் குருதியில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் ஈயம் உள்ளது. 1960களில் தீங்கற்றது எனக் கூறப்பட்ட வரம்பு இதே அலகில் 80 மைக்ரோகிராம். இன்று உலக நலவாழ்வு அமைப்பு, தீங்கற்றது எனக் கூறத்தக்க குருதி ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கின்றது. பாதரசம், காட்மியம் போன்ற பிற கன உலோகங்களின் ஆய்விலும், மாசு தொடங்குவதற்கு முன்னைய அளவை முதலில் அறிய வேண்டும் என்னும் பாட்டர்சனின் முறை இன்று பின்பற்றப்படுகின்றது.